மூன்றரை நிமிடத்து அற்புதம்

போன ஆடி மாதம் ஐயம்பேட்டைக்குப் போகும் ஷேர் ஆட்டோக்களில் ஒரு புதுவகைப் பயணிகள் ஏறினார்கள். அவர்கள் பேசவில்லை, துப்பவில்லை, இடத்துக்குச் சண்டை போடவில்லை. நெற்றியில் மஞ்சள் குங்குமத்தோடு யாராவது ஒருவர் மடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிகள். பெட்டி பெரிதாக இருந்தால் ஓட்டுநர் அரைக் கட்டணம் கேட்டார். திருப்புட்குழி விவசாயி வெங்கடேசன் கிணற்று மோட்டாரையே கழற்றி எடுத்து வந்தார். அதற்கு முழுக் கட்டணம்.

இத்தனையும் மின்னானந்த சுவாமிகளின் தரிசனத்துக்காக.

சுவாமிகள் ஐயம்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் எழுந்தருளியிருந்தார். துறவுக்கு முன்னால் என்ன செய்தார் என்று கேட்பது மகாபாவம் என்று சீடர்கள் சொல்லிவைத்ததால் ஒருவரும் கேட்கவில்லை. பேய் ஓட்டுபவர் உண்டு, பில்லி எடுப்பவர் உண்டு. மோட்டாருக்குப் பிடித்த தோஷத்தை எடுப்பவர் இவர் ஒருவர்தான். அதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தார். மூன்று ஃபேஸும் மும்மூர்த்திகள். நியூட்ரல், உருவமில்லாத பரம்பொருள். எர்த், பூமாதேவி. மின்கட்டணம் எந்தத் தெய்வம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. பக்தர்களும் வற்புறுத்தவில்லை.

தத்துவத்தை விடுங்கள், அற்புதத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் நூறு பேர். நின்றுபோன மோட்டார் முன்னால் சுவாமிகள் உட்காருவார். சுவிட்சைத் தொடமாட்டார். கற்பூரம் ஏற்றி, கண்ணை மூடி, மின் காயத்ரி என்று ஒன்றை ஓதுவார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் 'டக்' என்று ஓர் ஒலி எழுப்பித் தானாக ஓடும். பிறகு சீடன் சத்யராஜ் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் யந்திரம் என்று ஒரு செப்புத் தகட்டை வைத்து, மூடியைச் சாத்தி, மஞ்சள் நூலால் கட்டி அரக்கு முத்திரை வைப்பான். முத்திரையை உடைத்தால் குடும்பத்துக்கு ஆகாது. அதன்பின் அந்த மோட்டார் நடுவில் நிற்கவே நிற்காது.

நிற்காமல் ஓடி என்ன ஆகும் என்பதை அறிந்தவள் ஊரில் ஒருத்திதான். அவள் கிருஷ்ணவேணி, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரி. கணவனிடம் விளையாட்டாகக் கற்றுக்கொண்ட தொழில். இப்போது அவர் மளிகை வாங்கி வருகிறார், இவள் காயில் கட்டுகிறாள். அந்த ஆடி மாதம் அவள் கடையில் கருகிய மோட்டார்கள் வாசல்வரை அடுக்கிக் கிடந்தன. சுவாமிகள் அருளால் உண்மையாகவே வாழ்ந்தது அவள் ஒருத்திதான் என்று சொல்லலாம். வேலை மும்முரத்தில் அவளும் அதிகம் யோசிக்கவில்லை. வருகிற லட்சுமியை ஏன் என்று யார் கேட்பார்கள்?

இந்த நிலையில்தான் குமாரசாமியின் சாயப்பட்டறைக்குத் தோஷம் வந்தது.

குமாரசாமி பரம்பரையாகத் தறி நெய்த குடும்பம். பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருந்தார். சாயத்திலிருந்து எடுத்த ஈரப் பட்டு நூற்கட்டுகளை, அதாவது சிட்டங்களைப் போட்டுச் சுற்றி ஈரத்தை உதறுவதற்கு அங்கே ஓர் இரும்புத் தொட்டி உண்டு. வீட்டு வாஷிங் மெஷினுக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பழைய ஸ்டார்ட்டர் துருப்பிடித்துவிட்டதால், புதிதாக ஒன்றை மாட்ட ஓர் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டார். வந்தவன் சத்யராஜ். சீடன் வேலை சாயங்காலம்தான். பகலில் அவன் எலக்ட்ரீசியன்.

புது ஸ்டார்ட்டர் மாட்டிய மறுநாளிலிருந்து தொட்டி நடுவில் நின்றது. யாரும் தொடாமல் தானே ஓடியது. மறுபடி நின்றது.

"இன்னாப்பா இது, தானா நிக்குது, தானா ஓடுது?" என்று குமாரசாமி கேட்டார்.

சத்யராஜ் பெட்டியைக் காதால் கேட்டான். மூக்கால் மோந்தான். "மெஷின்ல ஒண்ணும் இல்லண்ணா. எல்லாம் புதுசு. இது கரண்ட்டுக் கோளாறு இல்ல, காத்துக் கோளாறு. சாமியாண்ட சொல்லட்டா?"

"இப்போ வேணாம்பா. பார்ப்போம்."

பத்தாவது நாள் பார்த்தார். பட்டறையில் பத்து வருடமாகச் சாயம் போடுபவள் தீபிகா. அரக்குச் சிவப்பில் இரண்டு சிட்டங்களைக் காட்டி எது போன வாரத்துச் சாயம் என்று கேட்டால் சரியாகச் சொல்வாள். தொட்டி நின்றதும், இம்முறை யாரோ சுவிட்சை அணைத்துத்தான் நின்றதென்று நினைத்து மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டுச் சிட்டத்தை எடுத்தாள். தொட்டி சுழலத் தொடங்கியது.

கையை எப்படி உருவினாள் என்று அவளுக்கே தெரியாது. நாலு கண்ணாடி வளையல்கள் நொறுங்கின. மணிக்கட்டில் நாலு சிவப்புக் கோடுகள். சிட்டம் தண்டில் சுற்றிக்கொண்டு கயிறாக முறுக்கேறியது. சிட்டத்துக்குப் பதில் அவள் விரல்கள் சுற்றியிருந்தால் இது வேடிக்கைக் கதையாக இருந்திருக்காது.

அன்றைக்கே சுவாமிகள் வரவழைக்கப்பட்டார்.

தொட்டியை மூன்று முறை சுற்றி வந்தார். அது மறுபடி நின்றபோது கற்பூரம் ஏற்றி ஓதினார். அது ஓடியது. பட்டறையில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தீபிகா மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை; கட்டுப் போட்ட கையில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவாமிகள் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "இந்தத் தொட்டியில் இருக்கும் சக்திக்கு இந்தப் பெண்மேல் தீராத கோபம். இவள் நிழல் இனி இங்கே விழக் கூடாது. வெள்ளிக்கிழமை பெரிய பூசை போட்டு யந்திரம் பதிப்போம்."

குமாரசாமி தலையைச் சொறிந்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "கொஞ்ச நாள் ஊட்ல இரும்மா. சாமி சொல்றாரு இல்ல."

"என் கையத்தான் அது புடிச்சு இழுத்துச்சு. வேலையும் எனக்குத்தான் போகணுமாண்ணா?" என்றாள் தீபிகா.

"நான் இன்னாமா பண்றது. தொட்டிய வேலைய விட்டு நிறுத்த முடியுமா?"

நியாயமான கேள்விதான். தொட்டி விலை அதிகம்.

மறுநாள் காலை தீபிகா கிருஷ்ணவேணியின் கடைக்குப் போனாள். இருவரும் பள்ளியில் ஒரே வகுப்பு. அதன்பின் தெருவில் பார்த்துச் சிரித்ததோடு சரி. கிருஷ்ணவேணி ஒரு கருகிய மோட்டாரிலிருந்து காயிலை வெட்டிக்கொண்டிருந்தாள். தீபிகா உட்காரக்கூட இல்லை.

"வேணி, ஒண்ணு கேக்கறேன். தானா நின்ன மோட்டாரு சரியா மூணரை நிமிசத்துல தானா ஓடுமா?"

"ஏன், மூணரை நிமிசம்னு யாரு சொன்னது?"

"நான்தான். தொட்டி நின்னா பட்டு ஈரத்தோட கெடந்து சாயம் ஊறிப் பூடும். எவ்ளோ நேரம் நின்னுதுன்னு பத்து நாளா செவுத்துல எழுதிக்கினு வந்தேன். மூணு நிமிசம் இருவது செகண்டு, மூணு நாப்பது, மூணு முப்பது. அப்போல்லாம் சாமி கெடயாது. நேத்து சாமி ஓதும்போதும் பார்த்தேன். மூணு முப்பது. அப்போ அந்த ஆளு இன்னாத்துக்கு?"

கிருஷ்ணவேணி கத்தரியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் வாசலில் அடுக்கியிருந்த மோட்டார்களைப் பார்த்தாள். பிறகு தீபிகாவின் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"பத்து நாளா கணக்கெடுத்தியே, பாவி. இத்தினி மோட்டார் என் கைக்கு வந்துது, நான் ஒரு நாளு யோசிக்கல," என்றாள். "பட்டறைச் சாவி யாராண்ட கீது?"

சாவி தீபிகாவிடம்தான் இருந்தது. அவளை வேலையை விட்டு நிறுத்திய குமாரசாமி, தினமும் காலையில் பட்டறையைத் திறப்பவளும் அவளே என்பதை மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு இருவரும் பட்டறைக்குள் போனார்கள். கிருஷ்ணவேணி முதலில் மெயின் ஃப்யூஸ் மூன்றையும் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "பலகை மேல வெச்சா எவனாவது வந்து மாட்டிடுவான்." பிறகு டெஸ்டரை வைத்து மூன்று கம்பியிலும் கரண்ட் இல்லை என்று பார்த்தாள். அப்புறம்தான் மூடியைத் திறந்தாள்.

உள்ளே கைக்கடக்கமாக ஒரு கருவி இருந்தது. ஓவர்லோட் ரிலே என்பார்கள். மோட்டார் தாங்கக்கூடியதைவிட அதிகக் கரண்டை இழுத்தால் அதற்குள் இருக்கும் தகடு சூடாகி வளையும். வளைந்தால் இணைப்பு அறுந்து மோட்டார் நின்றுவிடும். காயில் கருகாமல் காக்கிற காவல்காரன். அதன் முகத்தில் இரண்டு திருகுகள். ஒன்று, எத்தனை ஆம்பியரில் நிற்க வேண்டும் என்பதற்கு. மற்றொன்று, நின்ற பிறகு தானாக மீள வேண்டுமா, ஓர் ஆள் வந்து பொத்தானை அழுத்த வேண்டுமா என்பதற்கு.

"மோட்டார் பலகைல இன்னா போட்டுக்குது?" என்று கேட்டாள்.

தீபிகா குனிந்து படித்தாள். "நாலு புள்ளி எட்டு."

"இங்க மூணுல வெச்சிருக்கான். பட்டு நெறய போட்டா ரெண்டு நிமிசத்துல நின்னுரும். இந்தத் திருகப் பாரு. ஆட்டோல கீது. தகடு ஆற மூணரை நிமிசம். ஆறுனா தானா ஒட்டிக்கும். பச்சை சிவப்புப் பொத்தான் இருந்தா, அப்பவும் ஒரு ஆளு அழுத்துனாத்தான் ஓடும். அதையும் எடுத்துட்டுத் திருகுற சுவிட்சு வெச்சிருக்கான். அது போட்டபடியே கெடக்குது. அதான் யாரும் தொடாமலே ஓடுது."

"கை உள்ள இருக்கும்போது."

"கை உள்ள இருக்கும்போது."

பிறகு கிருஷ்ணவேணி, ஆம்பியரைத் தொடாமல், இரண்டாவது திருகை மட்டும், ஆள் அழுத்தினால்தான் மீளும் 'மேனுவல்' பக்கம் திருப்பினாள். மூடியைச் சாத்தி, ஃப்யூஸை மாட்டினாள். தீபிகாவுக்குப் பல வருடம் கழித்துப் பள்ளிக்கூடச் சிரிப்பு வந்தது.

பத்து மணிக்குப் பட்டறை கொள்ளவில்லை. தறிக்காரர்கள், மாவு மில்காரர், பம்பு செட்டு விவசாயிகள், ஒன்றுக்கும் சம்பந்தமில்லாத வேடிக்கைக்காரர்கள். வெங்கடேசனும் தன் ஸ்டார்ட்டர் பெட்டியோடு வந்திருந்தார். யந்திரம் பதித்த இருபதாம் நாள் அவர் மோட்டார் கருகிவிட்டது. அதற்கு ஆயுள் அவ்வளவுதான் என்று சுவாமிகள் சொல்லியிருந்தார். அடுத்த மோட்டாருக்காவது நீண்ட ஆயுள் கேட்கலாம் என்று வந்திருந்தார்.

தொட்டி நிறைய ஈரப்பட்டு போட்டு, மூடியைச் சாத்தி, சுவிட்சைப் போட்டார்கள். சரியாக இரண்டாவது நிமிடம் நின்றது. சுவாமிகள் கற்பூரம் ஏற்றிக் கண்ணை மூடினார்.

மூன்று நிமிடம் ஆயிற்று. குரலை உயர்த்தினார். மூன்றரை ஆயிற்று. இரண்டு கைகளையும் தூக்கி, "வா தாயே" என்றார். தாய் வரவில்லை.

ஐந்து நிமிடம் ஆயிற்று. சுவாமிகள் ஒரு கண்ணைத் திறந்து சத்யராஜைப் பார்த்தார். சத்யராஜ் மெதுவாகப் பெட்டிப் பக்கம் நகர்ந்தான். பெட்டிக்கு முன்னால் கிருஷ்ணவேணி கைகூப்பி நின்றிருந்தாள்.

"எங்கப்பா போற? சாமி ஓதிக்கினு இருக்காரு. நவுந்தா தப்பு இல்ல?"

கூட்டம் அவனை முறைத்தது. அவன் பக்தியோடு நின்றுவிட்டான்.

"தீட்டு இருக்கிறது," என்றார் சுவாமிகள். "பெண்கள் வெளியே போகட்டும்." பெண்கள் வாசலுக்குப் போனார்கள். கிருஷ்ணவேணியும், கூட்டத்துக்குப் பின்னால் முக்காடு போட்டு நின்ற தீபிகாவும் போகவில்லை. மோட்டாரும் அசையவில்லை. குளிக்காத ஆண்கள் வெளியே போகச் சொன்னார். ஒருவரும் போகவில்லை, குளிக்கவில்லை என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? அசைவம் தின்றவர்கள் போகச் சொன்னார். ஆடி மாதம்; பாதிக் கூட்டம் போயிற்று. மோட்டார் அசையவில்லை. கற்பூரம் தீர்ந்தது. சுவாமிகளின் தொண்டை கட்டியது. இருபதாவது நிமிடம் மின் காயத்ரி வெறும் காற்றாக வந்துகொண்டிருந்தது.

அப்போது தீபிகா முன்னால் வந்தாள். தொட்டியின் மூடி சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். "எல்லாரும் தள்ளி நில்லுங்கபா," என்று சொல்லிவிட்டு, ஸ்டார்ட்டர் பெட்டிக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த ரிலேயின் சின்னப் பொத்தானை ஒரு விரலால் அழுத்தினாள்.

'டக்'. தொட்டி ஓடியது.

"சாமி இருவது நிமிசம். நான் ஒரு வெரலு," என்றாள்.

குமாரசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "தோ, இவ்ளோ நேரம் ஓதுனது இப்போதாம்மா வேலை செஞ்சிருக்கும்," என்றார். பக்தி அவ்வளவு சுலபமாகக் கருகாது.

"செரிண்ணா. ஓதாமலே ஓட்டிக் காட்டறோம்," என்றாள் கிருஷ்ணவேணி. ஃப்யூஸைப் பிடுங்கி, திருகைப் பழையபடி 'ஆட்டோ' பக்கம் வைத்து, மறுபடி ஓடவிட்டாள். இரண்டு நிமிடத்தில் தொட்டி நின்றது. தீபிகா சுவாமிகளின் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். தனக்குத் தெரிந்ததை ஓதினாள்.

"அரக்காய நம. மாந்துளிராய நம. கிளிப்பச்சையாய நம. மயில்கழுத்தாய நம. வெங்காயத்தோலாய நம."

முதலில் சிரித்தது ஒரு தறிக்காரர். வெளியே போன பெண்கள் சிரிப்புச் சத்தம் கேட்டு உள்ளே வந்தார்கள். பட்டில் உண்டான நிறங்கள் எல்லாம் தீர்ந்து இரண்டாம் சுற்று வந்தது. "கத்தரிப்பூவாய நம. வாடாமல்லியாய நம." வாடாமல்லிக்குத் தொட்டி 'டக்' என்று ஓடத் தொடங்கியது.

கூட்டம் சிரிப்பை நிறுத்திவிட்டது. ஏமாந்தவர்களுக்குத் தாங்கள் ஏமாந்தது தெரியும் நேரத்தில் வருகிற அமைதி அது.

வெங்கடேசன் தம் பெட்டியைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். "இதையும் பாரும்மா." எந்தக் கம்பியிலும் மாட்டாத வெறும் பெட்டி. கிருஷ்ணவேணி முத்திரையை உடைத்தாள். அவர் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மனைவி பக்கத்தில் நின்று முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். செப்புத் தகட்டுக்குப் பின்னால் ரிலேயின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே விரல் நீளத்தில் ஒரு சிவப்புக் கம்பி.

"இதாண்ணா யந்திரம். ரிலே 'நிறுத்து'ன்னு கத்துனாலும் மோட்டாருக்குக் கேக்காது. குறுக்கால கம்பி போட்டு வாய அடைச்சிட்டான். ஒரு ஃபேஸு போனாலும் ஓடும், பேரிங் புடிச்சிக்கினாலும் ஓடும். கருகுற வரைக்கும் ஓடும். கருகுனா என் கடைக்கு வரும்."

"அப்போ என் மோட்டாரு ஆயுசு?"

"அது இந்தக் கம்பி நீளம்தான்."

எல்லோரும் சத்யராஜைப் பார்த்தார்கள். அவன் அழுதுவிட்டான். "நான் இன்னாபா பண்றது. அவரு எங்க மாமா. மிக்சி ரிப்பேர் கடைல ஒண்ணும் ஓடல, இப்படிப் பண்ணலாம்னு அவருதான் சொன்னாரு."

சுவாமிகள் எழுந்தார். கலி முற்றிவிட்டது என்றார். அதைச் சொல்லிக்கொண்டே மின்சாரப் பெட்டிக்கு நாலடி தள்ளிச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். மும்மூர்த்திகளோடு பேசுகிறவருக்கு அவர்களைத் தொடுவதில் அவ்வளவு பயம். வாசலில் மாவு மில்காரர் நின்றிருந்தார். அவரும் போன வாரம் ஒரு மோட்டாரைப் பறிகொடுத்தவர். மாலையில் காவல் நிலையத்தில் சுவாமிகளின் பெயர் தணிகாசலம் என்று பதிவாயிற்று. மின்னானந்தர் என்று எழுதச் சொல்லி அவர் கேட்டதாகவும், ஆதார் அட்டையில் அப்படி இல்லை என்று எழுத்தர் மறுத்ததாகவும் சொல்கிறார்கள்.

கிருஷ்ணவேணி அன்றைக்கே ஸ்டார்ட்டரை மாற்றி மாட்டினாள். அதைப் பார்க்கப் பத்துப் பேர்கூட நிற்கவில்லை. கற்பூரம் இல்லாத காரியத்தில் நமக்குச் சுவை கிடையாது. ஃப்யூஸைப் பிடுங்கினாள். டெஸ்டர் வைத்தாள். மெயின் கம்பி மூன்றும் ரிலே வழியாகத்தான் மோட்டாருக்குப் போகின்றனவா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். ஸ்டார்ட்டரை இழுத்துப் பிடிக்கும் சுருளுக்குப் போகும் மெல்லிய கம்பியை ரிலேயின் இணைப்பு வழியாக ஓட்டினாள். ஆம்பியரை மோட்டார் பலகையில் இருந்தபடி நாலு புள்ளி எட்டில் வைத்தாள். 'மேனுவல்'. திருகு சுவிட்ச் போய், பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் வந்தன. தொட்டி மூடியில் ஒரு சுவிட்ச். மூடி திறந்திருந்தால் பச்சையை அழுத்தினாலும் ஓடாது. எர்த் கம்பியைச் சுரண்டிவிட்டு முடுக்கினாள். முடித்ததும் தீபிகா மூடியைத் திறந்து வைத்துப் பச்சைப் பொத்தானை ஆறு முறை அழுத்திப் பார்த்தாள். ஓடவில்லை. ஏழாவது முறையும் அழுத்தினாள்.

"நம்பிக்கை இல்லியா?" என்றாள் கிருஷ்ணவேணி.

"என் கையாச்சே," என்றாள் தீபிகா.

குமாரசாமி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "நாளைக்கு வந்துரும்மா," என்றார் தீபிகாவிடம்.

"சாவி என்னாண்டதாண்ணா இருக்குது. நான் வந்துதான் நீங்க உள்ள வர முடியும்."

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம் ஜனங்களை உங்களுக்குத் தெரியுமே. மறுநாள் காலை கிருஷ்ணவேணி கடையைத் திறக்க வந்தபோது வாசலில் ஏழு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் மாலை. இன்னொருவர் ஸ்டார்ட்டர் பெட்டியை அவள் காலடியில் வைத்துக் கும்பிட்டார். "அம்மா, உங்க கைல சக்தி இருக்குதாமே. ஒரு தபா தொட்டுக் குடுங்க, போதும்."

கிருஷ்ணவேணி அந்த மாலையை வாங்கி ஓரமாகப் போட்டாள். டெஸ்டரை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"தொட மாட்டேன். நேத்து அந்த ஆளு சொன்னான்னு நம்புன. இன்னிக்கு நான் சொல்றேன்னு நம்பப் போற. நானும் பொய் சொல்லலாம். கும்புடற கைய எறக்கு. மொதல்ல ஃப்யூசைப் புடுங்கு. அப்பால மூடியத் தொற. உள்ள இன்னா கீதுன்னு உன் கண்ணால பாரு. அதுக்கு மேல நம்பறதா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு."